பயத்தைச் சொல்லி ஜெபிப்பது அவிசுவாசமா?

கேள்வி (ஏரல் பக்கத்து வாசகர்)
2024 ஜனவரி 6, இரவு 9.40

டிசம்பர் வெள்ளத்தில் கடைச் சரக்கு முழுவதும் போய்விட்டது. நகைக்கடன் வேறு நிற்கிறது. இரவில் தகரத்தில் மழைத் துளி விழுந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வீட்டு ஜெபக்கூட்டத்தில் இதைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டேன். நடத்துகிறவர், "பயத்தை வாயால் அறிக்கையிடாதீர்கள், சொன்னால் நடந்துவிடும்" என்றார். யோபு 3:25ஐ எடுத்துக் காட்டினார். வேதத்தில் "பயப்படாதே" என்று 365 தடவை இருக்கிறதாம், நாளுக்கு ஒன்று. அன்றிலிருந்து தனி ஜெபத்தில்கூட வாய் வரவில்லை. பயத்தை ஆண்டவரிடம் சொல்வது தப்பா?

ஜனவரி 6, இரவு 11.15

தப்பில்லை. விளக்கம் நாளைக்கு. இப்போதைக்கு ஆதியாகமம் 32:11ஐ மட்டும் படித்துவிட்டுத் தூங்குங்கள். முன்பு தான் ஏமாற்றிய அண்ணன் ஏசா நானூறு பேரோடு வருகிறான் என்று கேள்விப்பட்ட யாக்கோபு, "அவனுக்கு நான் பயந்திருக்கிறேன்" என்று ஆண்டவர் முகத்துக்கு நேரே சொல்கிறான். "என்னையும் பிள்ளைகளையும் தாய்மார்களையும் முறிய அடிப்பான்" என்று என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறான். சொன்னதனால் நடந்துவிடவில்லை. ஏசா வந்து கட்டிப்பிடித்து அழுதான்.

ஜனவரி 7, மதியம் 2.30

ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். முதலில் யோபு.

"நான் பயந்த காரியம் எனக்கு நேரிட்டது" என்ற வசனத்தை நம் ஊரில் எத்தனை பேர் எத்தனை பேரை வாயடைக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று கணக்கே இல்லை. யோபு பயந்தான், அதனால் வந்தது என்கிறார்கள். ஐயா, முதல் இரண்டு அதிகாரங்களைப் புரட்டினாலே போதுமே. யோபுக்கு ஏன் வந்தது என்று கதை சொல்கிறவரே அங்கே சொல்லிவிடுகிறார், அவனைச் சோதித்துப் பார்க்கச் சாத்தான் அனுமதி கேட்டான் என்று. அதில் யோபின் பயத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. உத்தமன் என்று ஆண்டவரே மெச்சிக்கொண்ட ஆள் அவன். மூன்றாம் அதிகாரத்தில் பேசுகிறவன் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன். அவன் புலம்பலை எடுத்து ஒரு சட்டமாக ஆக்குவது கல்நெஞ்சு.

அதோடு, புத்தகத்தின் முடிவில் யாருக்குத் திட்டு விழுகிறது என்று பாருங்கள். 42:7. "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று திட்டு வாங்குவது அறிவுரை சொன்ன நண்பர்கள். அதிகாரம் அதிகாரமாக முறையிட்டவனுக்குத் திட்டு இல்லை.

உங்கள் ஜெபக்கூட்டத் தலைவரிடம் இதைச் சண்டைக்காகக் கொண்டுபோக வேண்டாம். அவருக்கும் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கலாம். அவர் பயத்தை அவர் அப்படி அடக்கிக்கொள்கிறாரோ என்னவோ.

ஜனவரி 7, இரவு 8.05

அந்த 365. வாட்ஸ்அப் செய்திகளில் ஆண்டாண்டாக உலா வருகிறது. எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கிய அகராதியை வைத்து எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு. "பயப்படாதே", "பயப்படாதிருங்கள்", "கலங்காதே" எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த எண் வராது. லீப் வருஷத்தில் பிப்ரவரி 29 அன்று என்ன செய்வது என்று என் மகள் சின்ன வயதில் கேட்டாள். ஞாயிறு பள்ளி ஆசிரியை பதில் சொல்லவில்லை.

எண்ணிக்கையை விடுங்கள். அந்தச் சொல் யாரிடம் சொல்லப்படுகிறது? வனாந்தரத்தில் துருத்தித் தண்ணீர் தீர்ந்து, பிள்ளையைச் செடியின் கீழே விட்டுவிட்டு, அது சாவதைப் பார்க்க மாட்டேன் என்று எட்டப் போய் உட்கார்ந்து அழுத ஆகாரிடம். "உனக்கு என்ன சம்பவித்தது" என்ற விசாரிப்பு முதலில் வருகிறது. அதற்குப் பிறகுதான் "பயப்படாதே". நம் ஆட்கள் முதல் பாதியை விழுங்கிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள்.

ஜனவரி 9, காலை 6.20

"சங்கீதத்தில் பயம் இருந்தாலும் அறிக்கை இல்லையே" என்று கேட்ட பாளையங்கோட்டைத் தம்பிக்கு: 142:2. "அவருக்கு முன்பாக என் நெருக்கத்தை அறிக்கையிடுகிறேன்." 55:5. "பயமும் நடுக்கமும் என்னைப் பிடித்தது." 56:3இல் "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறார். பயப்படுகிற நாள் ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் அந்த வசனத்துக்கே இடம்.

ஜனவரி 12, இரவு 10.10

நகைக்கடன் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு.

என் அப்பா சாத்தான்குளம் பக்கத்தில் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஒரு வருஷம் கடன் கொடுத்தே கடை படுத்துவிட்டது. அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி, வளையல், அக்காவின் தோடு எல்லாம் அடகுக்குப் போயின. ஒரு நாள் பழுப்பு உறையில் பதிவுத் தபால் வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினார். பிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியின் பின்னால் செருகிவிட்டார். தினமும் காலையில் தாள் கிழிக்கும்போது உறையின் ஓரம் தெரியும். குடும்ப ஜெபத்தில் "குறைகளை எல்லாம் நிறைவாக்கும் ஆண்டவரே" என்று கம்பீரமாக ஜெபிப்பார். உறையைப் பற்றிப் பேச்சே கிடையாது. நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் ஒரு நாள் மாலை வந்தார். அதிகம் படிக்காதவர். அம்மா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எசேக்கியா ராஜாவின் கதையைப் படித்தார். அசீரியா ராஜா எழுதிய மிரட்டல் கடிதத்தை எசேக்கியா ஆலயத்துக்குக் கொண்டுபோய் "கர்த்தருக்கு முன்பாக விரித்து" ஜெபித்தது, இரண்டாம் ராஜாக்கள் 19:14. படித்து முடித்துவிட்டு, "அண்ணாச்சி, அந்தத் தபாலை எடுங்கள்" என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எடுத்தார். வேதப் புத்தகத்தின் மேல் விரித்து வைத்து, என்னை வாசிக்கச் சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பு எனக்கு. அசல், வட்டி, ஏலத் தேதி எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தேன். கடைசிப் பத்தியில், குறிப்பிட்ட தேதிக்குள் வட்டியை மட்டும் கட்டினால் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அந்தத் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது.

உபதேசியார் ஜெபித்தது அரை நிமிஷம்கூட இருக்காது. தொகையைச் சொல்லி, தேதியைச் சொல்லி, "இவருக்குப் பயமாக இருக்கிறது ஆண்டவரே" என்று சொல்லி ஆமென் போட்டுவிட்டார்.

எசேக்கியாவுக்கு நடந்த மாதிரி ஒரே இரவில் எதிரி ஒழிந்துவிடவில்லை. சங்கிலியும் தோடும் மீண்டன. வளையல் ஏலத்தில் போனது. அம்மா அதற்குப் பிறகு வளையல் போட்டதே இல்லை. இதைச் சாட்சியாகச் சொன்னால் சபையில் யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் நான் ஜெபத்தைப் பற்றிக் கற்றதில் பெரும்பாதி அந்த மாலையில் கற்றதுதான். பயமில்லை என்று அறிக்கையிட்ட வரைக்கும் உறை பிரிபடவில்லை. பயத்தைச் சொல்ல வேண்டும் என்றால் அதைப் பிரித்துப் படித்தாக வேண்டும்.

ஆகவே ஏரல் சகோதரரே, உங்கள் கடன் சீட்டை எடுத்து விரியுங்கள். பொதுவாக "பிரச்சினைகள்" என்று ஜெபிக்காதீர்கள். ரூபாயைச் சொல்லுங்கள், தேதியைச் சொல்லுங்கள்.

ஜனவரி 13, காலை 7.00

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. யாக்கோபும் ஜெபித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஜெபித்த கையோடு ஆட்டை எண்ணினான். இருநூறு வெள்ளாடு, இருபது கடா, இருநூறு செம்மறி என்று ஒட்டகம், கழுதை வரைக்கும் பட்டியல் போகிறது. அண்ணனைச் சமாதானப்படுத்த அனுப்பிய வெகுமதி. அதை அவிசுவாசம் என்று யாரும் பிரசங்கம் செய்ததாக நான் கேட்கவில்லை. வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் வாங்கிவிட்டீர்களா? வாங்கவில்லை என்றால் ரேஷன் அட்டையோடு போய்க் கேளுங்கள். கடைச் சேதத்துக்குத் தனியாக மனுக் கொடுங்கள்.

ஜனவரி 15, பொங்கல் அன்று

ஜெபக்கூட்டத்தில் சொல்லலாமா, தனியாகச் சொன்னால் போதுமா என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார்கள்.

ஆண்டவரிடம் சொல்வது வேறு, ஆண்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டு தெருவுக்கே சொல்வது வேறு. எங்கள் சபையில் ஜெபக் குறிப்புச் சீட்டு வாங்கும் வழக்கம் உண்டு. ஒரு முறை ஒருவர் மிக நாசூக்காக வாசித்தார்: "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி, வடக்குத் தெரு, நீலப் பெயிண்ட் அடித்த வீடு, மருமகன் குடிக்கிறார்." வடக்குத் தெருவில் நீல வீடு ஒன்றுதான். அந்தச் சகோதரி அடுத்த வாரம் முதல் பக்கத்துச் சேகரத்துக் கோயிலுக்குப் போனார்கள். மருமகனும் வீட்டுக்கு வெள்ளை அடித்துவிட்டார் என்பது கூடுதல் செய்தி.

நம்பிக்கையான ஒரு ஆள், இரண்டு ஆள் போதும். பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கூட வந்த சீஷர்கள் எல்லாரையும் உள்ளே கூட்டிப்போகவில்லை. மூன்று பேர். அவர்களும் தூங்கிவிட்டார்கள்.

ஜனவரி 21, இரவு 9.30

என் தாத்தா பனையேறி. செம்மண் தேரியில் எங்கள் ஊர்ப் பனைகள். பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். பாளை சீவ வேண்டும், சுண்ணாம்பு தடவிய கலயத்தை மாற்ற வேண்டும். அவருடைய தம்பி மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கடைசி வரை கட்டிலோடு கிடந்தார். அதற்குப் பிறகும் தாத்தா ஏறினார். வேறு பிழைப்பு இல்லை.

ஒவ்வொரு மரத்தடியிலும் தளைநாரைக் காலில் மாட்டுவதற்கு முன்னால் மரத்தில் கையை வைத்துக்கொண்டு முணுமுணுப்பார். நான் கலயம் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன், அதனால் காதில் விழும். "ஆண்டவரே, ராத்திரி மழை பெய்திருக்கிறது. மரம் வழுக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது." அவ்வளவுதான். அடுத்த மரத்தில் வேறு பயம். "இதில் கதண்டு கூடு இருக்கிறது ஆண்டவரே." கதண்டு கொட்டினால் பிடியை விட்டுவிடுவோம் என்பது பனையேறிகளின் பெரிய பயம். ஜெபித்துவிட்டு மேலே உற்றுப் பார்ப்பார். சில நாள் அந்த மரத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். ஜெபத்துக்குப் பதில் வந்ததா, கண் தெரிந்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கலயத்தை ஒழுங்காகப் பிடி என்றிருப்பார்.

இந்த மனிதரிடம் போய் பயத்தை அறிக்கையிடாதீர் என்று யார் சொல்லியிருக்க முடியும்? பயம் இல்லாத பனையேறி மரத்தில் கவனம் தப்புவான் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

ஜனவரி 24, மாலை 5.45

நாசரேத் அண்ணாச்சி ஒருவர், "இதெல்லாம் தனி ஆள் ஜெபம், சபை ஜெபத்தில் பயத்துக்கு இடமில்லை" என்று எழுதியிருக்கிறார். அண்ணாச்சி, நம் பழைய ஜெபப் புத்தகத்தில் லித்தானியா என்று ஒன்று இருக்கிறதே, மறந்துவிட்டீர்களா? இடி மின்னல், புயல், கொள்ளை நோய், பஞ்சம், யுத்தம், கொலை, திடீர் மரணம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, சபை முழுவதும் "எங்களை இரட்சியும்" என்று மறுமொழி சொல்லும். பிரயாணம் பண்ணுகிறவர்கள், பிரசவ வேதனைப்படுகிறவர்கள், நோயாளிகள், சிறைப்பட்டவர்கள் எல்லாரும் அதில் வருவார்கள். பயங்களின் பட்டியல் அது. 1877, 78 பஞ்சத்தில் இந்தச் சீமையில் சனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்த காலத்தில் "பஞ்சம்" என்ற சொல்லை நம் கோயில்களில் எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது நீளம் என்று அதைச் சுருக்கிவிட்டோம். அந்த இடத்தில் கீபோர்டு வாசிக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. அன்று லித்தானியா வாசித்திருந்தால் இடியும் புயலும் வாயில் எப்படி இருந்திருக்கும்! காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் சிக்கி ஏறக்குறைய 800 பேர் தவித்தார்கள். அன்று காலை நாங்கள் பாடியது கிறிஸ்துமஸ் கீதங்கள். அதில் தவறில்லை, டிசம்பர் மாதம்தானே.

ஜனவரி 25

டவுனிலிருந்து ஒரு நண்பர், நெல்லையப்பர் கோயில் பக்கத்துக்காரர், "எங்கள் பக்கம் அச்சப்பத்து இருக்கிறது, தெரியுமா" என்று கேட்டிருக்கிறார். தெரியும். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்தார். "புற்றில்வாள் அரவும் அஞ்சேன்" என்று திருவாசகத்தில் மாணிக்கவாசகர் தொடங்குவது. கவனித்தீர்களா, அஞ்சேன் என்று சொல்லத் தொடங்கியவரும் பாம்பு முதல் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் போகிறார். கடைசியில் தமக்கு எது அச்சம் என்பதையும் பாட்டுக்குப் பாட்டு ஒளிக்காமல் சொல்கிறார். உங்கள் கேள்விக்கு நன்றி. உங்கள் வீட்டு வெள்ளச் சேறு கழுவியாகிவிட்டதா?

பிப்ரவரி 3, இரவு 11.50

இரண்டாவது யோசனை ஒன்று. இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். பயத்தைச் சொல், சொல் என்று அடுக்கிக்கொண்டே போயிருக்கிறேன். அதில் ஒரு பள்ளமும் இருக்கிறது.

சில பேர் முழங்காலில் நின்று ஒரு மணி நேரம் ஜெபித்துவிட்டு, முன்னைவிடப் பயந்துபோய் எழுந்திருப்பார்கள். என் மனைவியின் மார்பில் கட்டி தட்டுப்பட்டு, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் நான் அந்த மாதிரிதான். ஹைகிரவுண்டில் ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் கண்ணை மூடினால் ஜெபம் வராது, சாவு வீட்டுப் பந்தல்தான் வரும். அந்தப் பந்தலுக்கு நாற்காலி எத்தனை என்பது வரை போய்விடுவேன். அதற்கு ஜெபம் என்று பெயர் வைக்க முடியாது.

அவள் ஜெபித்தது வேறு மாதிரி. இரவில் பாயில் உட்கார்ந்து சொன்னாள்: "ஆண்டவரே, ஊசி பயம். சின்னவள் கல்யாணம் பயம். இவருக்குச் சோறு பொங்கத் தெரியாது, அது அதைவிடப் பயம். இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ளும்." ஆமென். திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் விழித்துக்கொண்டிருந்தேன்.

வித்தியாசம் என்னவென்று பிறகு யோசித்தேன். அவள் யாரிடமோ பேசினாள். நான் என்னிடமே பேசிக்கொண்டிருந்தேன். சொன்னதை அங்கேயே விட்டுவிட்டுத் தூங்கவும் அவளுக்குத் தெரிந்தது. சங்கீதம் 62:8இல் "உங்கள் இருதயத்தை ஊற்றிவிடுங்கள்" என்று இருக்கிறது. நான் ஊற்றாமல் கிண்டிக்கொண்டிருந்தேன்.

கட்டி சாதாரணக் கட்டி என்று முடிவு வந்தது. சோறு பொங்கவும் கற்றுக்கொண்டேன். குழைகிறது.

பிப்ரவரி 4, காலை 6.10

நேற்றையதற்கு ஒரு ஒட்டு. முடிவு நல்லபடியாக வந்ததால் அவள் ஜெபம் சரி என்று சொல்ல வரவில்லை. அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆலங்குளத்து அம்மாளுக்கு வேறு முடிவு வந்தது. பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவரும் ஜெபிக்கிறவர்தான். "புளியம்பட்டி அந்தோணியாரிடம் சொல்லிவிட்டேன், பிள்ளைகள் பயம் மட்டும் போகவில்லை" என்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வசனம் எதுவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, மதியம் 1.20

ஏரல் சகோதரர் மறுபடி எழுதியிருக்கிறார். கடன் சீட்டைப் பிரித்தாராம், தவணை மாற்றித் தரச் சம்மதித்திருக்கிறார்கள். ஆனால் மழைச் சத்தத்துக்கு நெஞ்சு அடிப்பது நிற்கவில்லை, கை நடுங்குகிறது, தூக்கம் இல்லை என்கிறார்.

சகோதரரே, இதற்கு டாக்டரைப் பாருங்கள். வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவருக்கு மழைச் சத்தம் உடம்பில் பதிந்துவிடுவது உண்டு. அது விசுவாசக் குறைவில் சேர்த்தி இல்லை. 14416 என்ற எண்ணில் அரசு மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழில் பேசலாம். எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். மாத்திரையையும் ஜெபத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 18, லெந்து முதல் ஞாயிறு

இன்று பிரசங்கத்தில் கெத்செமனே. வேர்வை இரத்தத் துளிகளாய் விழுந்த இடம். "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால்" என்று கேட்டவருக்கு அது நீங்கவில்லை. எங்கள் போதகரான சேகரகுரு இளைஞர், நன்றாகச் சொன்னார்: ஆண்டவர் அதே ஜெபத்தை மூன்று முறை ஜெபித்தார், மத்தேயு அப்படியே எழுதி வைத்திருக்கிறார். சொன்னதையே சொல்கிறோமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இது போதும். பிப்ரவரி 3 அன்று நான் எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள். மூன்று முறை சொன்ன பிறகு அவர் எழுந்து, "எழுந்திருங்கள், போவோம்" என்றார்.

பிப்ரவரி 20, இரவு 8.40

கடைசியாக வந்த கேள்வி: "88ஆம் சங்கீதத்தைக் கூட்டத்தில் வாசிக்கலாமா? அதில் ஆறுதலே இல்லையே."

இல்லைதான். கடைசி வரியில்கூட விடிவு கிடையாது. சிநேகிதனும் தோழனும் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் தலைப்பைப் பாருங்கள், கோராகின் புத்திரரின் பாட்டு, இராகத் தலைவனிடம் ஒப்படைத்தது. நாலு பேர் சேர்ந்து பாடுவதற்காகவே எழுதியிருக்கிறார்கள். தாராளமாக வாசியுங்கள். வாசித்துவிட்டு, சமாளிப்பதற்காக உடனே "கர்த்தர் என் மேய்ப்பர்" என்ற 23ஐ எடுக்காதீர்கள், கொஞ்ச நேரம் விடுங்கள்.

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கம் வரும் வியாழக்கிழமை அதைத்தான் எடுத்திருக்கிறார்கள். மாலை ஐந்தரை மணி. ஆண்களும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், பின் பெஞ்சில். சுக்குக் காபி உண்டு, கருப்பட்டி போட்டது.